கடற்பாசி தந்த நஞ்சும் மருந்தும்

நினைவிழப்பு நோய்க்குக் கடற்பாசியில் மருந்து கண்டார்கள் என்னும் செய்தி அவ்வப்போது வெளிவருகிறது. ஊரை விட்டு நெடுந்தொலைவில் வாழும் நம்மில் பலருக்கு அது வெறும் விஞ்ஞானச் செய்தியன்று. "அப்பாவுக்கு இப்போதெல்லாம் ஆள் அடையாளம் தெரிவதில்லை" என்று ஊரிலிருந்து தகவல் வந்த வீட்டில் அதனை இருமுறை படிப்பார்கள். ஆதலின் அதன் பழைய வரலாற்றைச் சற்றே காண்போம்.

வரலாறு ஜப்பானில், மூளையிலன்று, வயிற்றில் தொடங்குகிறது. 'டைஜீனியா' என்னும் செம்பாசியைக் குடற்புழுவுக்குக் கஷாயமாகக் கொடுப்பது அங்கே நெடுங்கால வழக்கம். பாசியின் ஜப்பானியப் பெயர் 'கைனின்ஸோ'. 1953இல் முராகாமி, தாகெமோட்டோ முதலிய வேதியியலார் அதன் சாரத்தைப் பிரித்தெடுத்து, அப்பெயரை ஒட்டியே 'கைனிக் அமிலம்' என்றனர். 1958இல் மற்றொரு செம்பாசியிலிருந்து அதற்கு உறவான 'டோமோயிக் அமிலம்' கிடைத்தது. போருக்குப் பின் குடற்புழுத் தொல்லை மலிந்திருந்த அந்நாட்டில் கைனிக் அமிலம் நல்ல மருந்தாகப் பயன்பட்டது.

புழுவைச் செயலறச் செய்யும் அப்பொருள் மூளையை என்ன செய்யும்? நம் மூளையில் ஒரு நரம்பணு மற்றொன்றை எழுப்பக் குளுட்டமேட் என்னும் பொருளைத் தூதாக அனுப்புகிறது. கைனிக் அமிலம் அதே சாயல் கொண்டது. ஆனால் தட்டியெழுப்புவதோடு நில்லாது, அணு ஓய்ந்து மாளும்வரை தட்டிக்கொண்டே இருப்பது. 1976இல் அமெரிக்காவில் காயில், ஷ்வார்ட்ஸ் ஆகியோர் எலியின் மூளையில் அதனைச் செலுத்தினர். அவ்விடத்து நரம்பணுக்கள் மடிந்தன. அவ்வழியே சென்ற நரம்பிழைகள் பெரிதும் பிழைத்தன. ஹண்டிங்டன் நோயில் காணும் அழிவை அது வியப்புறும் வகையில் ஒத்திருந்தது. நரம்பணுச் சிதைவு நோய்களை ஆராய, இவ்வாறு ஒரு புழுமருந்தே கருவியாயிற்று.

1987இல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்டு தீவில் விளைந்த மட்டிகளை உண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர்; சிலர் இறந்தனர். பிழைத்தவருள் சிலருக்குப் புதிய செய்தி எதுவும் மனத்தில் தங்கவில்லை. காரணம், மட்டிகள் தின்ற ஓரணு நுண்பாசியில் ஊறியிருந்த டோமோயிக் அமிலம். எலியில் கண்டது மனிதரில் நேர்ந்துவிட்டது.

மிகையான குளுட்டமேட்டுத் தூண்டுதலே நரம்பணுவைக் கொல்லும் என்னும் கருத்து இவற்றால் வலுப்பெற்றது. அத்தூண்டுதலை மட்டுப்படுத்தும் மெமான்டைன் 2002இல் ஐரோப்பாவில் அல்சைமர் நோய்க்கு ஏற்கப்பட்டது. அது கடலில் விளைந்ததன்று, ஆய்வுக்கூடத்தில் ஆக்கியது. நோயை அது மாற்றுவதுமில்லை. சிலருக்குச் சிறிது தணிவளிக்கும், அவ்வளவே.

பாசியிலிருந்தே நேராக வந்த மருந்தும் உண்டு. பழுப்புப் பாசியின் சர்க்கரைத் தொடரிலிருந்து ஆக்கிய ஒன்றுக்குச் சீன அரசு 2019 நவம்பரில் 'நிபந்தனைக்குட்பட்ட அனுமதி' வழங்கியது. அரசாணைகளை மொழிபெயர்த்துப் பழகிய நாம் இத்தொடரின் முதற்சொல்லை அழுத்திப் படிப்போம். செய்தி கேட்டோர் பலர் கடைசிச் சொல்லையே பற்றிக்கொண்டனர். சீனாவில் 818 நோயாளரிடம் 36 வாரம் நடந்த சோதனையே அனுமதிக்கு ஆதாரம். பல நாடுகளில் தொடங்கிய பெருஞ்சோதனை 2022இல் இடையிலேயே நிறுத்தப்பட்டது. 2025இல் மருந்தின் உற்பத்தியும் நின்றது.