கலாவூனின் மாரிஸ்தான்: ஒரு வக்ஃபின் வரலாறு

இஸ்லாமிய நாகரிகத்தின் வைத்தியசாலைகளைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் அர்ராஸி, இப்னு ஸீனா முதலான மேதைகளின் பெயர்களோடு நின்றுவிடுகின்றனர். அம்மருத்துவர்களுக்கு ஊதியம் எங்கிருந்து வந்தது, நோயாளியின் கஞ்சிக்கும் கட்டிலுக்கும் செலவழித்தவர் யார் என்ற வினா எழுவதில்லை. ஆனால், அவ்வினாவுக்கான விடையிலேயே உண்மையான வரலாறு அடங்கியுள்ளது. அவ்விடை வக்ஃபு என்பதாகும். மூலச் சொத்தை விற்காமலும் வாரிசுரிமைக்கு உட்படுத்தாமலும் நிறுத்திவைத்து, அதன் பயனை மாத்திரம் அறத்துக்கு ஒதுக்கும் இம்முறைக்குச் சட்டவறிஞர்கள் கைபரில் உமர் (ரலி) அவர்கள் பெற்ற நிலத்தையே முன்மாதிரியாகக் கொண்டனர்.

இம்முறை வைத்தியத் துறையில் எத்துணை விரிந்து செயற்பட்டது என்பதை அறியக் கெய்ரோவின் மன்ஸூரி மாரிஸ்தானைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. ஸுல்தான் அல்மன்ஸூர் கலாவூன், ஆட்சிக்கு வருமுன் அமீராக இருந்த காலத்தில் டமஸ்கஸில் கடும் வயிற்றுவலிக்கு ஆளானார். நூருத்தீன் ஸங்கி 1154இல் அந்நகரில் நிறுவிய மாரிஸ்தானிலிருந்து வந்த மருந்துகளாலேயே அவர் குணமடைந்தார். அதனை நேரிற் சென்று பார்த்து வியந்த அவர், தமக்கு ஆட்சி கிட்டினால் இத்தகையதொன்றை எழுப்புவதாக நேர்ந்துகொண்டார் என வரலாற்றாசிரியர் மக்ரீஸி பதிவுசெய்துள்ளார். 1279இல் ஸுல்தானான அவர், 1284-85இல் கெய்ரோவின் பைனல் கஸ்ரைன் பகுதியில் அவ்வாக்கை நிறைவேற்றினார்.

அதற்கென எழுதப்பட்ட வக்ஃபுப் பத்திரம் ஆழ்ந்து வாசிக்கத்தக்கது. ஆண், பெண், செல்வர், வறியவர், உள்ளூரார், வெளியூரார் என்ற பேதமின்றி அனைவருக்கும் அங்கு இடமுண்டு. காய்ச்சல், கண்ணோய், அறுவைச் சிகிச்சை, வயிற்றுப்போக்கு ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பகுதிகள் இருந்தன. பெண்களுக்கு வேறிடம் இருந்தது. பத்திரத்தின் உயிர், அதன் சிறிய விதிகளில் உள்ளது எனலாம். ஒவ்வொரு நோயாளியின் உணவும் மற்றவரோடு பகிரப்படாத தனிப் பாத்திரத்தில், மூடியிட்டுக் கொண்டுசெல்லப்பட வேண்டும். வெயில் காலத்தில் நோயாளிகள் விசிறிக்கொள்ள ஓலை விசிறிகள் வாங்கப்பட வேண்டும். இறந்தோரின் கபனுக்கும் அடக்கத்துக்குமான செலவையும் வக்ஃபே ஏற்க வேண்டும். விசிறிக்கும் பணம் ஒதுக்கிய சாசனத்தை ஆடம்பர அரசனின் வெறும் விளம்பரம் என ஒதுக்கிவிட முடியாது.

இதனினும் கவனத்துக்குரியது மற்றொரு விதியாகும். வீட்டில் படுத்திருக்கும் வறிய நோயாளிக்கும் மருந்தும் பானமும் உணவும் மாரிஸ்தானிலிருந்து அனுப்பப்பட வேண்டும் என்பதே அது. அதன் நிர்வாகத்தைத் தாமே ஏற்றிருந்த நுவைரி, வீட்டிலிருந்தவாறு உதவி பெற்றோர் ஒரு சமயம் இருநூறுக்கும் மேற்பட்டிருந்தனர் என எழுதுகிறார். சமூக சுகாதார நிலையம் என நாம் இன்று அழைப்பதன் கருத்து இங்கு தெளிவாகவே உள்ளது.

இவற்றுக்கெல்லாம் கடைத்தொகுதிகள், குளியலகங்கள், நிலங்கள் ஆகியவற்றின் வாடகையே ஊற்றாக இருந்தது. ஆண்டு வருவாய் பத்து இலட்சம் திர்ஹத்தை அண்மித்தது என்கிறார் மக்ரீஸி. 1326இல் கெய்ரோவைக் கண்ட இப்னு பதூதா நாளொன்றுக்கு ஆயிரம் தீனார் என்று கேள்விப்பட்டதை எழுதுகிறார். அது ஊர்ப்பேச்சின் மிகையாகவே தோன்றுகிறது. மருத்துவ மேதை இப்னுந் நபீஸும் 1288இல் மரணித்தபோது தம் இல்லத்தையும் நூல்களையும் இம்மாரிஸ்தானுக்கே விட்டுச் சென்றார்.

எனினும் இவ்வறத்தின் மீது ஒரு நிழல் விழுந்துள்ளது. அதனை மறைப்பது வரலாற்றுக்குச் செய்யும் துரோகமாகும். மாரிஸ்தான் எழுந்த இடத்தில் அய்யூபிய இளவரசி ஒருவரின் மாளிகை இருந்தது. அங்கிருந்தோர் வெளியேற்றப்பட்டனர். பணியை மேற்பார்வை செய்த அமீர் ஷுஜாயீ, வீதியிற் சென்றோரையும் மறித்துக் கல் சுமக்கவைத்தார். மக்கள் அவ்வழியே செல்வதையே தவிர்க்கத் தொடங்கினர். இவ்வாறு எழுந்த கட்டடத்தில் தொழுவது ஆகாது என அறிஞர் சிலர் கருதினர். மக்ரீஸியோ, முன்னைய ஆட்சியாளரும் பிறரிடமிருந்து பறித்தவர்களே அன்றோ எனக் கசப்போடு மறுமொழி கூறுகிறார். அது வாதத்துக்கு விடையேயன்றிக் கல் சுமந்தவனுக்கு விடையாகாது. இலவச மருந்து பெற்ற வறியவனும் கட்டாய வேலைக்கு இழுக்கப்பட்ட வறியவனும் ஒரே தெருவில் வாழ்ந்திருக்கக் கூடும்.

வக்ஃபின் பயன் வைத்தியசாலைச் சுவரோடு நின்றுவிடவில்லை. டமஸ்கஸில் வீதிகளைச் செப்பனிட்டுக் கல் பரப்புவதற்கென்றே வக்ஃபுகள் இருந்ததை இப்னு பதூதா குறிப்பிடுகிறார். மக்காவுக்கு நீர் கொணர்ந்த ஸுபைதாவின் கால்வாய், பல நூற்றாண்டுகளின் பின் சுலைமானின் மகள் மிஹ்ரிமாவின் பொருளால் புதுப்பிக்கப்பட்டது. தூய நீரும் நடக்கத்தக்க தெருவும் நோய்த்தடுப்பின் பகுதி என்பதை அக்கொடையாளர் தத்தம் வழியில் உணர்ந்திருந்தனர்.

மன்ஸூரி மாரிஸ்தான் மருத்துவ அறிவின்மையால் நலிவுறவில்லை. வக்ஃபுச் சொத்துக்கள் மாற்றீடு என்ற பெயரில் கைமாறின, வாடகை குறைந்தது, பொறுப்பாளர் பதவியே செல்வாக்குள்ளோரின் வருவாயாயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டில் அப்துர் ரஹ்மான் கத்குதா அதனைத் திருத்தியமைத்தார். ஆயினும் 1798இல் வந்த பிரெஞ்சுக்காரர் அதனைச் சீர்குலைந்த நிலையிலேயே கண்டனர். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் முஹம்மத் அலீ வக்ஃபு நிலங்களை அரசின் பிடிக்குள் கொணர்ந்தார். இறுதியில் மனநோயாளர் மாத்திரமே அங்கு எஞ்சினர். அவர்களும் அந்நூற்றாண்டின் நடுப்பகுதியில் வேறிடத்துக்கு அகற்றப்பட்டனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதே நிலத்தில் கண் வைத்தியசாலை ஒன்று எழுப்பப்பட்டது. அதற்கு இடப்பட்ட பெயரும் கலாவூனுடையதே.