பரணில் கிடக்கும் ஓலைக்கட்டை வாசிப்பது எப்படி?

நம்மூர்ப் பழைய வீடுகளை இடிக்கும்போது பரணிலிருந்து ஓலைக்கட்டும் மட்கிய பத்திரமும் விழுகின்றன. என்னிடம் படித்த பிள்ளைகள் பலர் அதைப் படமெடுத்து அனுப்பி, "சாரே, இது தமிழா மலையாளமா? எங்க குடும்பத்தப் பத்தி ஏதாவது இருக்குமா?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதைவிட இங்கே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

இந்த வேலைக்கு நம் மண்ணில் வழிகாட்டி உண்டு. தேரூர்க் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையை நாம் பாட்டுக்காக மட்டுமே நினைக்கிறோம். பள்ளி ஆசிரியராக இருந்த அவர், அழகியபாண்டியபுரம் பெரியவீட்டு முதலியார் வீட்டு ஓலைகளைப் படித்துப் படியெடுத்தவர். பின்னாளில் அ.கா. பெருமாள் 'முதலியார் ஓலைகள்' பற்றி விரிவாக எழுதினார். நாஞ்சில் நாட்டுச் சமூக வரலாற்றின் பெரும்பகுதி அரண்மனையில் இல்லை, இப்படிப்பட்ட வீட்டு ஓலைகளில்தான் இருக்கிறது.

முதலில் எழுத்து. ஓலையில் புள்ளி வைத்தால் கிழியும் என்பதால் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. 'கொடுதத' என்று இருந்தால் 'கொடுத்த' என்று வாசிக்க வேண்டும். எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேறுபாடு இராது. துணைக்காலும் ரகரமும் ஒரே உருவம். ஆகவே பெர, பேர, பொ, போ நான்கும் ஒன்றுபோலவே தெரியும். சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது. எது சரி என்பதை வரியின் பொருள்தான் சொல்லும். அதனால் மனதுக்குள் வாசிக்காமல் வாய்விட்டு வாசியுங்கள். கண்ணுக்குப் பிடிபடாதது பல நேரம் காதுக்குப் பிடிபடும்.

அடுத்தது எண். தமிழ் எண்ணில் ஒன்று ககரம் போலவும், இரண்டு உகரம் போலவும், ஏழு எகரம் போலவும், எட்டு அகரம் போலவும் இருக்கும். நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனிக்குறி உண்டு. நில அளவில் மா என்றால் 20-ல் ஒன்று, காணி 80-ல் ஒன்று, முந்திரி 320-ல் ஒன்று. பழைய கீழ்வாய் இலக்க வாய்ப்பாடு தெரிந்த பெரியவர் யாராவது இருந்தால் விட்டுவிடாதீர்கள்.

ஆண்டு பெரும்பாலும் கொல்லம் ஆண்டாக இருக்கும். சிங்க மாதம், அதாவது நம் ஆவணியில், புத்தாண்டு தொடங்கும். அதுமுதல் டிசம்பர் முடிய 824 கூட்ட வேண்டும். ஜனவரியிலிருந்து ஆண்டு முடிய 825. ஓர் உதாரணம்: நம் தலக்குளத்தில் பிறந்த வேலுத்தம்பி தளவாயின் குண்டறை விளம்பரம் கொல்லம் 984 மகரம் 1-ம் தேதியிட்டது. 825 கூட்டினால் 1809. ஆங்கிலத் தேதி ஜனவரி 11. ஓலையில் 984 என்பது ௯௱௮௰௪ என்று இருக்கும். ஒன்பது நூறு, எட்டுப் பத்து, நாலு என்று வாய்விட்டுச் சொல்வது போலவே.

எழுத்தும் எண்ணும் பிடிபட்ட பிறகும் குடும்ப வரலாறு தேடுபவரைக் குழப்புவது உறவுச்சொல். நாஞ்சில் நாட்டு வேளாளரிடம் மருமக்கள்வழி இருந்தது. சொத்து மகனுக்குப் போகாது, சகோதரியின் மகனுக்குப் போகும். அந்தக் குடும்பங்களின் பத்திரத்தில் அப்பா பெயரை மட்டும் தேடினால் வழி அடைபடும். மாமன் பெயரைத் தேட வேண்டும். காரணவன் என்றால் குடும்பத் தலைவர். அனந்திரவன் என்பது ஆளின் பெயர் அல்ல, அவருக்குப் பின் உரிமையுள்ள இளையவர். மக்களுக்கு ஒதுக்கிய பங்கு உகந்துடைமை. இந்த முறையின் அவலத்தைத்தான் கவிமணி மருமக்கள்வழி மான்மியத்தில் நகைச்சுவையாக எழுதினார். 1926-ல் திருவிதாங்கூர் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்தது. ஆகவே கையிலிருக்கும் பத்திரம் அதற்கு முந்தியதா பிந்தியதா என்று முதலில் பாருங்கள். தாய்வழி என்பதால் ஒரு நன்மையும் உண்டு. மற்ற இடங்களில் மறைந்துபோன பாட்டிமார் பெயர்களை இங்கே தேடிப் பிடிக்க வழி இருக்கிறது.

இனிச் சொல்லப்போவது கொஞ்சம் கசப்பானது. வீட்டு ஓலைகளில் ஒற்றியும் பாட்டமும் மட்டும் இல்லை. ஆள் விற்ற ஓலைகளும் உண்டு. வயலை விற்பதுபோல மனிதரை விற்றிருக்கிறார்கள். 1855-ல் திருவிதாங்கூர் அரசு அடிமை முறையை ஒழிக்கும்வரை அது ஒளித்துச் செய்த காரியம் அல்ல. சாட்சி வைத்து எழுதிய வியாபாரம். விற்கப்பட்டவரின் பேரப்பிள்ளைகள் வீட்டில் பரணும் இல்லை, ஓலையும் இல்லை. அவர்களுடைய பாட்டன் பெயர் எழுத்தில் இருக்குமானால், அது வாங்கியவர் வீட்டுப் பரணில்தான் இருக்கும். எனவே அப்படி ஓர் ஓலை கிடைத்தால், 'நம்ம குடும்பத்துக்குக் கேவலம்' என்று அடுப்பில் போட்டுவிடாதீர்கள். அது உங்கள் குடும்ப வரலாறு மட்டும் அல்ல. இன்னொரு குடும்பத்துக்கு மிஞ்சியிருக்கும் ஒரே வரி அதுவாக இருக்கலாம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஓலையைத் தண்ணீரில் கழுவாதீர்கள். மெல்லிய தூரிகையால் தூசி தட்டுங்கள். கட்டைப் பிரித்தால் வரிசை மாறாமல் எண் குறித்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்துப் படமெடுத்தால் கீறல் நன்றாகத் தெரியும். தெரிந்த ஊர்ப்பெயர், தெரிந்த மாதப்பெயர் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதிலுள்ள எழுத்துகளைத் தனித்தாளில் வரைந்து வையுங்கள். அதுவே உங்கள் அரிச்சுவடி. தெரியாத எழுத்தை ஊகித்து நிரப்பாமல் கோடு போட்டு விடுங்கள்; நாலு வரி தாண்டியதும் அதே எழுத்து வேறொரு சொல்லில் தன்னைக் காட்டிக்கொடுக்கும். எழுத்து வட்டமாக, அறவே பிடிபடாமல் இருந்தால் அது வட்டெழுத்தாகவோ மலையாளமாகவோ இருக்கலாம். 1956 நவம்பர் 1 வரை நாம் முதலில் திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தோம். அதனால் தாத்தா காலத்துப் பத்திரம் மலையாளத்தில் இருப்பதில் வியப்பில்லை. அப்போது மலையாளம் படித்த பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாளைக்கு இரண்டு வரி போதும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுத்துக்கூட்டி வாசிப்பதுபோல வாசியுங்கள். உங்கள் வீட்டில் இப்படி ஏதாவது இருந்தால் கீழே எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.