முதலாளியற்ற தொழிற்சங்கம்: அகமதாபாத்துப் பெண்களும் ‘தொழிலாளி’ என்னும் சொல்லும்

அகமதாபாத்தில் 1972இல் எலா பட் தலைமையில் சுயதொழில் புரியும் பெண்களின் சங்கமான ‘சேவா’ தோன்றியது. தலைச்சுமை தூக்குவோர், காய்கறி விற்போர், வீட்டிலிருந்தே தைப்போர் முதலியோர் இதில் இணைந்தனர். எதிர்த்துப் போராட முதலாளியே இல்லாதவர்க்குத் தொழிற்சங்கம் எதற்கு எனத் தொழிலாளர் துறை முதலில் பதிவை மறுத்தது. சங்கம் தொழிலாளர் ஒன்றுபடுவதற்கே என வாதிட்டுப் பெண்கள் பதிவைப் பெற்றனர்.

1974இல் ஏறத்தாழ 4,000 பெண்கள் தலைக்கு 10 ரூபாய் பங்குத்தொகை செலுத்திக் கூட்டுறவு வங்கி ஒன்றைத் தொடங்கினர். கையெழுத்திட அறியாதார்க்கு நிழற்படமே அடையாளமாயிற்று. கந்துவட்டிக்கு மாற்றுவழி பிறந்தது.

எலா பட் தலைமையேற்ற தேசிய ஆணையத்தின் ‘சிரமசக்தி’ அறிக்கை 1988இல் வெளிவந்து, அமைப்புசாராப் பெண்களின் உழைப்பை அரசின்முன் வைத்தது. கடனும் வருவாயும் இவ்வியக்கத்தின் பயன்களே. எனினும், ‘தொழிலாளி’ என்னும் சொல் பெற்ற பொருள்விரிவே இத்தலைமையின் நிலைபேறான பயன் எனலாம்.