வாயைத் திறந்தால் பத்து பவுண்ட்!

பள்ளிக்கூடத்தில் ஆங்கில இலக்கணம் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். எட்டு வகைச் சொற்கள். நவுன், ப்ரோநவுன் என்று ஆரம்பித்து, கடைசி பெஞ்ச் மாணவன் மாதிரி ஒன்று வந்து நிற்கும். இன்டர்ஜெக்‌ஷன். ஓ, ஆ, அலாஸ், ஹுர்ரே. உணர்ச்சியைக் காட்டும் சொற்கள். அவ்வளவுதான் பாடம்.

அந்த எட்டாவது நாற்காலியே காலியிடத்தில் கிடைத்ததுதான். கிரேக்க இலக்கணக்காரர்களின் எட்டில் இது தனி வகையாக இல்லை. ரோமானியர்கள் அந்தக் கணக்கை லத்தீனுக்குக் கொண்டுவந்தார்கள். லத்தீனில் ஆர்ட்டிகிள் கிடையாது. ஒரு இடம் குறைந்தது. சரி, நீ உட்கார் என்று இதை உட்கார வைத்தார்கள். 1786-ல் ஜான் ஹார்ன் டூக் என்ற ஆங்கில அறிஞர், இது பேச்சிலேயே சேர்த்தி இல்லை என்று எழுதினார்.

ஆனால் அவருக்கு 180 வருடங்கள் முன்பே, இதே சொற்களுக்கு ஒரு நாடாளுமன்றம் விலை போட்டிருந்தது.

இங்கிலாந்து, 1606. முதலாம் ஜேம்ஸ் ஆட்சி. அன்றைய ஆங்கிலேயனுக்குக் கோபம் வந்தால் வாயில் வருவது ‘ஸவுண்ட்ஸ்’. ஆண்டவரின் காயங்கள் மீது ஆணை என்பதன் தேய்ந்த வடிவம். ‘ஸ்ப்ளட்’ என்றால் ஆண்டவரின் ரத்தம். ‘ஸ்லைட்’ என்றால் ஆண்டவரின் ஒளி. தெருவில் பேசுவதைத்தானே மேடையிலும் பேசுவார்கள்? பக்திமான்கள் கொதித்தார்கள். சட்டம் வந்துவிட்டது. நாடக மேடையில் கடவுள், கிறிஸ்து, பரிசுத்த ஆவி பெயர்களை விளையாட்டாகச் சொன்னால், ஒவ்வொரு முறையும் பத்து பவுண்ட் அபராதம்.

பி.காம். படித்த புத்தி கணக்குப் போடச் சொல்கிறது. பவுண்டுக்கு 240 பென்னி. ஷேக்ஸ்பியரின் குளோப் தியேட்டரில் நின்றுகொண்டு நாடகம் பார்க்க ஒரு பென்னி. அப்படியானால் ஒரே ஒரு வார்த்தைக்கு 2,400 பேரின் டிக்கெட் காசு காலி! அபராதத்தில் பாதி மன்னருக்கு. மீதிப் பாதி? வழக்குப் போடுகிறவருக்கு. கமிஷன் வைத்தால் பக்தி தானாக வரும் என்று சட்டம் எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது.

விளைவு என்ன? ஹாம்லெட்டில் கல்லறைக் காட்சி. காதலி ஒஃபீலியாவைப் புதைக்கும் குழியருகே, துக்கமும் ஆத்திரமுமாக அவள் அண்ணனிடம் ஹாம்லெட் சீறுகிறான். 1604-05-ல் வந்த பதிப்பில் அவன் வாயில் ‘ஸவுண்ட்ஸ்’தான். 1623-ல் வெளியான பெரிய தொகுப்பில்? ‘கம்’. வா. அவ்வளவுதான்! காதலி பிணமாகக் கிடக்கும்போது பேசுகிற பேச்சா அது? ஒத்தெல்லோவில் இப்படி ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்கள் கழுவப்பட்டிருக்கின்றன. இத்தனைக்கும் சட்டம் மேடைக்கு மட்டும்தான், அச்சுக்கு இல்லை. பயமா, பழக்கமா? ஆய்வாளர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

1634 ஜனவரியில் நடந்தது இன்னும் அபாரம். டேவனன்ட் என்பவரின் நாடகத்தில் சென்சார் அதிகாரி ஹென்றி ஹெர்பர்ட் ஏகப்பட்ட சொற்களை அடித்துவிட்டார். புகார் அரண்மனைக்குப் போனது. முதலாம் சார்லஸ் மன்னர் அவரை ஜன்னலோரம் அழைத்துப்போய், அடித்த ஒவ்வொரு இடத்தையும் பார்த்தார். ‘ஃபெய்த்’, ‘ஸ்லைட்’ எல்லாம் பேச்சில் வரும் அழுத்தம்தான், ஆணை இல்லை, இருக்கட்டும் என்று தீர்ப்பு. ஹெர்பர்ட் பணிந்தார். ஆனால் அலுவலகப் பதிவேட்டில், மன்னர் உத்தரவுக்குக் கட்டுப்படுகிறேன், என் கருத்தில் இவை ஆணைகளே என்று எழுதி வைத்துவிட்டார். அரசு ஊழியர் என்றால் இவரல்லவோ!

ஆணை என்ற பெயர் வராமல் உணர்ச்சியைக் கொட்ட ஜனங்களும் வழி வைத்திருந்தார்கள். பிற்காலத்தில் வந்த ‘காஷ்’, ‘காலி’ இரண்டுமே மாறுவேடம் போட்ட ‘காட்’. ‘ஜீ’ என்பது ஜீசஸின் முதல் பாதி.

ஜேம்ஸ் மன்னரின் அந்தச் சட்டம் 1843-ல்தான் ரத்தானது. 237 வருடங்கள்.