படகு இயந்திரமும் எண்ணெய்க் கலவையும்

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, நிந்தவூர் என நீண்டு கிடக்கும் மணற்கரையில் இயற்கைத் துறைமுகம் எதுவும் இல்லை. அலை உடையும் இடத்தைக் கடந்தே தோணி கடலிற் சேரவேண்டும். அவ்வழியே மீளவும் வேண்டும். தண்டு வலித்தும் பாய் விரித்தும் தொழில் செய்த காலத்தில், தோள்வலியும் காற்றுமே கடலோடியின் துணை. 1950களின் பிற்பகுதியில் இலங்கை அரசாங்கம் கடற்றொழிலை இயந்திரமயமாக்க முற்பட்டது. அதன் பின்னர் எரிபொருளும் தொழிலுக்கு இன்றியமையாததாயிற்று.

பெரிய இயந்திரப் படகுக்குத் துறைமுகம் வேண்டும். திறந்த கரைக்கோ, படகின் பின்புறத்தில் மாட்டி, ஆழங்குறைந்த இடத்தில் உயர்த்தி, தொழில் முடிந்ததும் கழற்றித் தோளிற் சுமக்கத்தக்க சிறிய இயந்திரமே பொருந்தியது. அத்தகைய இலேசான இயந்திரத்தைத் தந்தது ஈரடிப்பு எஞ்சின். இங்கிலாந்தின் பாத் நகரில் ஜோசப் டே என்பவர் 1891ஆம் ஆண்டளவில் அதற்கு எளிய வடிவம் கொடுத்தார்.

நான்கடிப்பு எஞ்சினின் அடியில் மசகெண்ணெய்க்குத் தனியிடம் உண்டு. டே வகுத்த முறையிலோ, காற்றும் எரிபொருளும் பிஸ்டனுக்குக் கீழுள்ள அறையின் வழியாகவே சிலிண்டருக்கு ஏறுகின்றன. அவ்வறையில் எண்ணெயைத் தேக்கி வைத்தல் இயலாது. ஆகவே எண்ணெய் எரிபொருளோடு கலந்தே உட்சென்று, உராயும் உறுப்புக்களை நனைத்து, ஈற்றில் தானும் எரிந்து புகையாகின்றது. உறுப்புக்கள் குறைந்தமையால் எடை குறைந்தது. ஆயின் அளவறிந்து கலக்கும் பொறுப்பு கடலோடியின் கைக்கு வந்தது.

பழைய இயந்திரங்கள் பலவற்றுக்கு ஒரு கலன் பெற்றோலுக்கு அரைப் பைந்து எண்ணெய், அதாவது 16க்கு 1, வேண்டியிருந்தது. எண்ணெயின் தரம் உயர, 1960களிலிருந்து 50க்கு 1 என்னும் விகிதம் பரவியது. மெற்றிக் அளவையில் அது 10 லீற்றருக்கு 200 மில்லிலீற்றர். புதிய இயந்திரம் பழகும்வரை இதனினும் கூடுதலாக ஊற்றுவது வழக்கம்.

அளவு குறைந்தால் பிஸ்டன் சூடேறி விரிந்து சிலிண்டரில் இறுகிவிடும். கரையில் நேர்ந்தால் அது பணநட்டம். வாடைக்காற்று வீசும் மாதங்களில் நடுக்கடலில் நேர்ந்தால் உயிராபத்து. அளவு மிகுந்தாலும் நன்மையில்லை. பிளக் கரிபிடித்து, அலை உடையும் இடத்தில் இயந்திரம் நின்றுபோனால், படகு குறுக்கே திரும்பிக் கவிழலாம்.

இலங்கைக் கரையோரங்களில் பெற்றோலினும் மலிவான மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரங்கள் பரவியபோது கவனம் இன்னும் வேண்டியதாயிற்று. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. எனவே பெற்றோலில் முடுக்கி, எஞ்சின் சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். நிறுத்துமுன் மீண்டும் பெற்றோலுக்குத் திருப்புவர். இல்லையேல் மறுநாள் இயந்திரம் எளிதில் உயிர்பெறாது.

2004 டிசம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலை இக்கரையில் மக்களையும் வீடுகளையும் படகுகளையும் வாரிச் சென்றது. எஞ்சியோர் மீண்டும் அதே கடலுக்கே இறங்கினர். 2022 ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. அத்தகைய நெருக்கடியில் எண்ணெயிற் சிறிது மிச்சம் பிடிக்கும் எண்ணம் எழுதல் இயல்பே. எனினும் 10 லீற்றருக்குரிய அந்த 200 மில்லிலீற்றரிற் கைவைத்தல் ஆகாது. படகு கரை திரும்புவது அச்சிறு அளவையும் பொறுத்தது.