கண்ணாடிப் பெட்டியில் கடலுக்குள் போன ராஜா: ஜொகூர் கதைக்கு டிஜிட்டல் கதாபாத்திரம் வரைவது எப்படி?

ஜொகூர் ஆற்றின் மேற்பகுதியில் கருங்கல் கோட்டை ஒன்று. இந்தியாவிலிருந்து பெரும்படையோடு வரும் ஒரு ராஜா அதைப் பிடிக்கிறார். பிறகு கண்ணாடிப் பெட்டிக்குள் அமர்ந்து கடலடிக்கு இறங்குகிறார். அங்குள்ள இளவரசியை மணக்கிறார், மாயக் குதிரையில் கரை திரும்புகிறார்.

இது இன்றைய கற்பனை நாவல் அல்ல. 'செஜாரா மெலாயு' என்ற மலாய் நூல் சொல்லும் கதை. இந்த ராஜாவை டிஜிட்டலில் வரைய நினைத்தால் எங்கிருந்து தொடங்குவது? வரைந்த படத்தை எப்படி விமர்சிப்பது?

யார் இந்த ராஜா?

பிரதிக்குப் பிரதி அவர் பெயர் மாறுகிறது. சிலவற்றில் ராஜா சூரான், சிலவற்றில் ராஜா சூலான். 'சோழன்' என்ற பெயரின் சாயல் இதில் இருப்பதாகவும், ராஜேந்திர சோழனின் 1025ஆம் ஆண்டுக் கடல் படையெடுப்பு பற்றிய நினைவே கதையாகியிருக்கலாம் என்றும் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

ஜொகூரின் பண்டஹாரா துன் ஸ்ரீ லானாங்கின் பெயரோடும் 1612ஆம் ஆண்டோடும் இணைத்துப் பேசப்படும் இந்நூல், 2001இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. மலாக்கா சுல்தான்களின் மூதாதையர் வரிசையை இந்த ராஜாவின் வம்சத்தோடுதான் நூல் இணைக்கிறது. அதனால் அவர் தமிழருக்கு மட்டும் உரிய பாத்திரம் அல்ல. படத்தைப் பார்க்கும் மலாய் வாசகருக்கும் அவர் மேல் உரிமை உண்டு.

எதில் சுதந்திரம், எதில் ஆதாரம்?

கோத்தா கெலாங்கி எனப்படும் அந்தக் கோட்டை ஜொகூர் காட்டுக்குள் இருப்பதாக 2005இல் ஒரு தகவல் பரபரப்பானது. மறு ஆண்டே, தேடியும் தடயம் கிடைக்கவில்லை என்று அரசுத் தரப்பு ஆய்வாளர் தெரிவித்தார். ஆகவே கோட்டையை உங்கள் விருப்பப்படி கற்பனை செய்யலாம்.

ஆனால் ராஜாவின் உடைக்கு ஆதாரம் இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றில் 1931இல் வெளிச்சத்துக்கு வந்த சோழர் கால ஓவியங்களைப் பாருங்கள். தைத்த அங்கி கிடையாது. இடுப்பில் சுற்றிய துணி, கட்டிய கொண்டை, நிறைய நகை. கங்கைகொண்ட சோழபுரத்துச் சிற்பங்களும் உதவும்.

நம் மனதில் உள்ள சோழர் முகத்துக்கு இன்னொரு மூலமும் உண்டு. 1950 முதல் 'கல்கி' இதழில் வந்த 'பொன்னியின் செல்வன்' தொடருக்கு மணியம் வரைந்த படங்கள்தான் அது. அவற்றிலிருந்து கற்கலாம். அப்படியே நகலெடுத்தால் உங்கள் ராஜா பிறக்க மாட்டார்.

எப்படி வரைவது?

விலையுயர்ந்த கருவி கட்டாயமில்லை. கணினியில் கிரிட்டா இலவசம். கைபேசியில் ஐபிஸ் பெயிண்ட் போதும். ஐபேட் உள்ளவர்கள் புரோகிரியேட் பயன்படுத்துகிறார்கள்.

• அச்சுக்குப் போகும் படம் என்றால், ஏ4 அளவுக்கு 2480 × 3508 பிக்சல் வைத்துத் தொடங்குங்கள். சின்னதாக வரைந்துவிட்டுப் பிறகு பெரிதாக்கினால் மங்கிவிடும்.

• முதலில் கருநிழல் வடிவம் மட்டும் பத்துப் பதினைந்து போடுங்கள். முகம் தெரியாமலே 'இவர்தான் ராஜா' என்று புரிகிறதா?

• கோடு, அடிப்படை நிறம், நிழல், ஒளி ஆகியவற்றைத் தனித்தனி லேயரில் வையுங்கள். திருத்துவது எளிது.

• நிறத்தை நீக்கிக் கறுப்பு வெள்ளையில் பாருங்கள். முகமும் பின்னணியும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் ஒளியமைப்பு சரியில்லை.

• படத்தை இடவலமாகப் புரட்டுங்கள். கண் கோணலாக இருந்தால் உடனே தெரியும்.

கண்ணாடிப் பெட்டியை வரையத் திணறுகிறீர்களா? ஜொகூர் பாருவில் தெப்ராவ் சாலை அருகே உள்ள ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயிலுக்குப் போய், கண்ணாடித் துண்டுகளில் ஒளி எப்படிச் சிதறுகிறது என்று கவனியுங்கள். கடலடியில் சிவப்பு நிறம்தான் முதலில் மங்கும் என்பதையும் மறக்காதீர்கள். ராஜாவின் சிவப்புப் பட்டு அங்கே பளிச்சென்று இருக்காது.

எப்படி விமர்சிப்பது?

"சூப்பரா இருக்கு", "என்னமோ இடிக்குது". இரண்டுமே வரைந்தவருக்கு உதவாது. எது, எங்கே, ஏன் என்று சொல்ல வேண்டும். "ராஜா பயப்படுறாரா, வியக்குறாரா புரியல, புருவத்தக் கொஞ்சம் தூக்கிப் பாருங்க" என்றால் அவருக்கு அடுத்த வேலை தெரிந்துவிடும்.

முதலில் ஓவியரின் நோக்கத்தைக் கேளுங்கள். கேலிச்சித்திர பாணியில் தலையைப் பெரிதாக்கியிருந்தால் அது பிழையல்ல. உங்கள் ரசனையையும் உண்மையான தவற்றையும் பிரித்துச் சொல்லுங்கள். கை எலும்பு தப்பாக மடங்கினால் அது தவறு. நீல நிறம் உங்களுக்குப் பிடிக்காதது ரசனை. அனுமதி இல்லாமல் அவர் படத்தின் மேல் திருத்தி வரையாதீர்கள்.

தோல் நிறம் பற்றியும் தயங்காமல் கேட்கலாம். வீரனை வெளுப்பாகவும் எதிரியைக் கறுப்பாகவும் தீட்டியிருந்தால், கதையில் அதற்குக் காரணம் இருக்கிறதா?

செயற்கை நுண்ணறிவு படம் என்றால்?

'சோழ ராஜா' என்று கேட்டால் மொகலாயத் தலைப்பாகையும் தைத்த அங்கியுமாக ஒருவர் வந்து நிற்கலாம். விரல்களை எண்ணுங்கள், நகைகள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்று பாருங்கள். போட்டிக்கோ பதிப்பாளருக்கோ அனுப்பும்போது அதைப் பயன்படுத்தியதை மறைக்காதீர்கள்.

படம் யாருக்குச் சொந்தம்?

பழைய கதை எல்லோருக்கும் பொது. நீங்கள் கொடுத்த உருவம் உங்களுடையது. மலேசியாவின் 1987 காப்புரிமைச் சட்டப்படி, வரைந்த உடனேயே பாதுகாப்பு தொடங்குகிறது. ஓவியரின் ஆயுட்காலமும் அதற்குப் பின் 50 ஆண்டுகளும் அது நீடிக்கும். மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்தில் விருப்பப் பதிவும் செய்யலாம்.

லேயர்கள் உள்ள மூலக் கோப்பையும் ஆரம்பக் கோட்டோவியங்களையும் அழிக்காதீர்கள். "இது என் படம்" என்று வேறொருவர் சொல்லும் நாளில், உங்களுக்காகப் பேசுவது அவைதான்.