மலிவான டூப்ளெக்சரும் ஒரு பழைய கதையும்



டெக்சாசில் இருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் கேட்டிருந்தான்: "சார், எங்கள் ஹாம் ரேடியோ குழு ரிப்பீட்டர் வைக்கப் போகிறது. புயலில் செல்போன் செத்துவிட்டால் அதுதான் துணை. ஆளுக்குக் கொஞ்சம் போட்டுச் சேர்த்த பணம். மலிவான டூப்ளெக்சர் வாங்கலாமா?"

ரிப்பீட்டர் ஒரு அலைவரிசையில் கேட்டு, அதே நொடியில் இன்னொன்றில் உரக்கச் சொல்லும். ஒரே ஆன்டெனாவில் இரண்டும் நடக்கும்போது, தன் குரலே தன் காதை அடைக்காமல் காப்பது டூப்ளெக்சர்.

அமெரிக்காவில் 1960-களில் விதி மாறி, டாக்சி, போலீஸ் வண்டிகளின் பழைய எஃப்.எம். ரேடியோக்கள் மலிவாகக் கிடைத்தன. அவற்றை வைத்தே பலர் ரிப்பீட்டர் கட்டினார்கள். ஆனால் 146 மெகாஹெர்ட்சில் இரண்டு அலைவரிசைக்கும் இடைவெளி 600 கிலோஹெர்ட்ஸ்தான். நூற்றில் அரைப் பங்குகூட இல்லை. அதைப் பிரிக்க அரை மீட்டர் உயரக் குழாய்கள் நான்கோ ஆறோ வேண்டும். முடியாதவர்கள் இரண்டு ஆன்டெனாக்களைத் தள்ளி வைத்தார்கள். சிலர் செப்புக் குழாயில் தாங்களே செய்துகொண்டார்கள்.

440-இல் இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ். நூற்றில் ஒரு பங்குக்கு மேல். குழாயும் ஒரு சாணுக்குள் அடங்கும். அதனால்தான் அங்கே சின்னப் பெட்டி போதும், விலையும் குறைவு.

அவனுக்கு இப்படி எழுதினேன்: "பணம் குறைவென்றால் 440-இல் வையுங்கள். 146-க்கு அந்தச் சின்னப் பெட்டியை வாங்கினால் பொதுப்பணம் வீண். எந்த இரண்டு அலைவரிசைக்கு டியூன் செய்தது என்று கேட்காமல் வாங்காதே."

விவரம் தெரிந்த பிள்ளைகள் தவறிருந்தால் திருத்துங்கள்.